பொழிப்புரையில் அடங்காப் பொருள்



கவிதைக்கும் அதன் பொழிப்புரைக்கும் இடையே உள்ள தொலைவைப் புலவர்கள் நெடுங்காலமாக அறிவர். அத்தகைய தொலைவு ஒன்றைக் கணிப்பொறியியலும் 1981-இல் கண்டது.

1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். முன்னவர் முடித்த உருப்படி வந்து சேர்ந்தால் அடுத்தவர் வேலை தொடங்குவார், வராவிடில் காத்திருப்பார். தரவோட்டக் கணிப்பின் இயல்பும் இதுவே. பல செயலிகள் ஒருங்கே இயங்கும். தரவு வந்ததும் வேலை நடக்கும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் பட்டம் பெற்று, 2024-இல் மறைந்த அர்விந்த், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இவ்வகைப் பொறிகளை வளர்த்த முன்னோடி.

இவ்வலைகளுக்கு 1974-இல் பொருள் வரையறுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜில் கான். எச்செயலி விரைந்தாலும் எது தாமதித்தாலும் விடை ஒன்றே என அவர் நிறுவினார். ஆயின் இரண்டு ஓடைகள் கலக்கும் ‘கூடல்’ ஒன்றை இடையில் வைத்தால், எது முந்தும் என்று சொல்ல இயலாது, விடைகள் பலவாகும். நேரக்கூடிய விடைகள் அனைத்தையும் தொகுத்து, அத்தொகுதியே பொருள் எனலாமா?

ஆகாது எனக் காட்டினர் பிராக், அக்கர்மன் என்னும் இருவர். இரு கருவிகள், ஒவ்வொன்றுக்கும் இரு வாயில்கள். வாயிலில் வரும் எண்ணை இரு படிகளாக்கிக் கூடலில் கலந்து, முதலில் வரும் இரண்டை வெளியிடுவது இரண்டின் தொழிலும். முதற்கருவி ஒன்று கிடைத்ததுமே அதை வெளியிட்டுப் பின் அடுத்ததை எடுக்கும். மற்றது இரண்டும் கைக்கு வந்த பின்னரே வெளியிடும். தனித்து நிறுத்தினால் விடைத்தொகுதியில் வேறுபாடே இல்லை.

இனி அந்தாதிபோல் தொடுத்துப் பார்க்கலாம். வெளிவரும் எண்ணுடன் ஒன்று கூட்டி, அதன் இரண்டாம் வாயிலிலேயே இடவேண்டும். முதல் வாயிலில் 5 கொடுத்தால், முதற்கருவி 5-ஐ வெளியிடும். அது 6 ஆகித் திரும்பும். ஆதலின் 5, 6 என்றும் வரலாம். மற்றதிலோ 5, 5 மட்டுமே. 6 பிறக்குமுன் இரண்டும் முடிவாகிவிட்டன. எது வரும் என்பதோடு, எது எதற்கு முன் வந்தது என்பதும் பொருளின் கூறு என்று அறிஞர் உணர்ந்தனர்.

பொழிப்பு ஒன்றேயான இரு பாக்களும் இத்தகையனவே. தனித்திருக்கையில் ஒன்றெனத் தோன்றும். அந்தாதியில் தொடுத்தாலோ ஈறு வேறுபட, அடுத்து எழும் பாடலும் வேறாகும். பத்தாண்டுகளாக ஒருவர் பாட்டைக் கேட்டு மற்றொருவர் பாட்டு எழுந்த இவ்வட்டத்தில், பாடலின் பொருளை அது பிறப்பித்த அடுத்த பாடலிலும் தேடுதல் வேண்டும்.