மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா?

(வட்டார வளமையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். மாலை நேரங்களில், கட்டற்ற மென்பொருள்களின் இணையதளப் பக்கங்களைத் தமிழில் மொழிபெயர்க்கும் தன்னார்வலர். இந்தப் பணியில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவுவது எப்படி என்று விளக்கும் பக்கத்தைத் தமிழாக்கினேன். ஒரு படியில் இன்ன தெரிவைச் சொடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அதன் பெயரோடு எழுதியிருந்தார்கள். அந்தப் பெயருக்குத் தமிழ்ச் சொல் தேடச் சோம்பல்பட்டு, ‘இரண்டாவது வரியைச் சொடுக்கவும்’ என்று எழுதிவிட்டேன். பக்கம் வெளியானது. நண்பர்கள் பாராட்டினார்கள். நானும் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

புதிய பதிப்பு வந்தபோது வரிசை மாறியது. இரண்டாவது வரி, வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவும் தெரிவாகிவிட்டது. ஆங்கிலப் பக்கத்தில் உடனே எச்சரிக்கை சேர்த்தார்கள். தமிழ்ப் பக்கம் அப்படியே கிடந்தது. ஐந்து மாதம் கழித்து வேறு மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “சார், நீங்கள் எழுதியிருந்தபடிதான் செய்தேன். பிள்ளைகள் ஒரு வருடமாகச் செய்து வைத்திருந்த செயல்திட்டங்கள் எல்லாம் போய்விட்டன” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

தமிழில் அந்தப் பக்கமே இல்லாதிருந்தால், அவர் ஆங்கிலப் பக்கத்தைத் தட்டுத்தடுமாறியாவது படித்திருப்பார். எச்சரிக்கையும் கண்ணில் பட்டிருக்கும். தமிழில் இருந்ததால் நம்பினார். பராமரிக்காத மொழிபெயர்ப்பால் இப்படியும் கேடு வரும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இதற்கு வழி என்ன? குனு திட்டத்தின் இணையதளம் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த திட்டம் அது. அதன் பக்கங்களைப் பல மொழிகளிலும் தன்னார்வலர்களே மொழிபெயர்க்கிறார்கள். அங்கே பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக மொழிபெயர்ப்பதில்லை. பத்தி பத்தியாகப் பிரித்து, மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று இணை இணையாக வைக்கிறார்கள். ஆங்கிலப் பத்தியில் ஒரு சொல் மாறினாலும் மென்பொருள் அதைக் கண்டுபிடித்து, அந்த இணையை ‘சரிபார்க்க வேண்டியது’ என்று குறித்துவிடும். குறிப்பிட்ட கால அவகாசத்துக்குள் யாரும் திருத்தாவிட்டால், பழைய மொழிபெயர்ப்பு விலக்கப்பட்டு அந்த இடத்தில் ஆங்கிலப் பத்தியே தோன்றும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலம் வருவது அழகில்லைதான். ஆனால் படிப்பவர் ஏமாற மாட்டார்.

மாற்றத்தைக் கண்டுபிடிப்பதைக் கணினி செய்துவிடும். புதிய வரியைத் தமிழில் எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஆசிரியராக இருந்தால் நல்லது என்பேன். எந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்பது நமக்குத்தான் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. மென்பொருளின் பட்டியலில் ‘கோப்புறை’ என்று இருக்கிறது. உதவிப் பக்கத்தை மொழிபெயர்த்தவர் ‘அடைவு’ என்று எழுதியிருக்கிறார். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் ஆறாம் வகுப்பு மாணவி ‘அடைவு’ எங்கே என்று திரையெல்லாம் தேடுவாள். கிடைக்காதபோது தனக்குத்தான் கணினி வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள். திரையில் உள்ள சொல்லே பக்கத்திலும் இருக்க வேண்டும். மென்பொருளில் சொல் மாறினால் பக்கத்திலும் மாற்ற வேண்டும்.

சில இடங்களில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். குனு திட்டம் பேசும் மென்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு விடுதலை, விலையில்லை என இரு பொருள் உண்டு. அதனால் நாங்கள் விலையைப் பேசவில்லை, உரிமையைப் பேசுகிறோம் என்று அவர்கள் தனியே விளக்க வேண்டியிருக்கிறது. இயக்கும் உரிமை, ஆராய்ந்து மாற்றும் உரிமை, பகிரும் உரிமை, மாற்றியதைப் பகிரும் உரிமை என்று நான்கு. கணினி வழக்கப்படி அவற்றுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். தமிழில் ‘கட்டற்ற’ வேறு, ‘இலவச’ வேறு. இதை அறியாத ஒருவர் ‘இலவச மென்பொருள்’ என்று எழுதிவிட்டால், அந்த நான்கு உரிமைகளும் ஒரே சொல்லில் மறைந்துபோகும். பிழையைக் கண்டு திருத்த அடுத்தவர் ஒருவர் வேண்டும்.

எனவே உங்களிடம் நான் கேட்பது பெரிய வேலை அல்ல. புதிதாக நூறு பக்கம் மொழிபெயர்க்க வேண்டாம். உங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் ஒரே ஒரு கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதன் தமிழ்ப் பக்கத்தையும் திரையையும் அருகருகே வைத்து, ஒரு படியாவது செய்து பாருங்கள். பொருந்தவில்லை என்றால் குழுவுக்கு எழுதுங்கள். இருவராகச் சேர்ந்து ஒரு பக்கத்தைப் பொறுப்பேற்பது இன்னும் நல்லது. ஒருவருக்குத் தேர்வுப் பணி வந்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார். பருவத்துக்கு ஒருமுறை பாடக்குறிப்பைப் புதுப்பிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுப்பைத் தொடர முடியாத நிலை வந்தால் வெளிப்படையாகச் சொல்லி இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்று என்னை அழைத்த ஆசிரியரை நான் நேரில் சென்று பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அழிந்தவற்றில் கொஞ்சம்தான் மீட்க முடிந்தது. அவர் இன்று எங்கள் குழுவில் இருக்கிறார். புதிய பதிப்பு வந்தால், ஒரு பழைய கணினியில் தமிழ்ப் பக்கத்தை வரி வரியாகப் படித்து நிறுவிப் பார்ப்பது அவர்தான். அவர் சரி என்று சொன்ன பிறகே பக்கத்தை வெளியிடுகிறோம்.