விளையாட்டும் விசையும்



பிள்ளைகள் விளையாடுவது வீண் காலப்போக்கு என்று பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். பொருள்கள் ஏன் நகர்கின்றன, ஏன் நிற்கின்றன என்பதைக் கற்க ஆடுகளத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை என்பதே நமது அபிப்பிராயமாகும்.

"அவனன்றி ஓரணுவும் அசையாது" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் கேரம் பலகையின் முன் உட்கார்ந்த பிள்ளை காண்பதென்ன? சுண்டினால் காய் நகர்கிறது. ஓங்கிச் சுண்டினால் வேகமாய் ஓடுகிறது. பலகையில் பவுடர் தூவினால் வெகுதூரம் போகிறது. தூவாவிட்டால் சீக்கிரம் நின்றுவிடுகிறது. ஆகவே காய் தானாக நிற்பதில்லை, உராய்வுதான் அதை நிறுத்துகிறது என்பது விளங்குகிறதல்லவா? ஓடும் பொருளை வேறொரு விசை தடுக்காதவரை அது அதே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டேயிருக்கும் என்று நியூட்டன் 1687-ல் வெளியிட்ட விதியும் இதுவேயாகும்.

கயிறு இழுக்கும் போட்டியைப் பாருங்கள். இழுப்பவன் காலால் தரையை உதைக்கிறான். தரை அவனைத் திருப்பி உதைக்கிறது. வழுக்கும் தரையில் அந்த உதை கிடைக்காது. எவ்வளவு பலசாலியும் சறுக்கித்தான் போவான்.

இதைக் கற்ற பிள்ளையைத் தேரோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். தேர் நின்றுவிட்டால், அம்மனுக்குக் கோபம் என்று பெரியவர்கள் தேங்காய் உடைப்பார்கள். பிள்ளையோ சக்கரத்தின் அடியைப் பார்க்கும். மண்ணில் புதைந்திருந்தால் நெம்புகோல் போடச் சொல்லும். அணுவையெல்லாம் அசைக்கும் சாமி ஒரு முட்டுக்கட்டைக்கு அடங்கி நிற்பானேன் என்றும் கேட்கும். இன்ன சாதியார் வடத்தைத் தொடக் கூடாதென்று தகராறு செய்த ஊர்களும் உண்டு. யார் கை இழுத்தாலும் விசை விசைதானே! சக்கரம் சாதி பார்த்தா உருளுகிறது?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தாகிவிட்டது. ஆனால் நியூட்டன் விதியை மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கிய பையனே, பரீட்சை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து வண்டியை எடுக்கிறான். படித்தது ஏட்டோடு நின்றதே இதற்குக் காரணம். பெண் பிள்ளைகளுக்கோ, பெரியவளானதும் பல வீடுகளில் ஆட்டமே நின்றுவிடுகிறது.

ஆகவே தோழர்களே! பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, ஆடுகளத்திற்கு அனுப்புங்கள். "ஏன்?" என்று அவர்கள் கேட்டால் அதட்டாதீர்கள். நாம் சொன்னோம் என்பதற்காகவும் அவர்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை. தாங்களே சுண்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, முடிவு செய்யட்டும் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்கிறோம்.