நீக்கிப் பார்த்துக் கற்ற பாடம்



எங்கள் ராயப்பன்பட்டித் தோட்டத்தில் பறித்த திராட்சையைப் பிழிந்து, சாற்றைச் சில நாள் மூடி வைத்தால் அது நுரைத்துப் பொங்கும். ரொட்டிக் கடையில் பிசைந்து வைத்த மாவு உப்பி எழும். இவ்விரண்டு வேலைகளையும் செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். கண்ணுக்குப் புலப்படாத இச்சிற்றுயிர், குழந்தைகளை வாட்டும் நோயொன்றை விளங்கிக்கொள்ள எவ்வாறு துணைபுரிந்தது என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

ஈஸ்ட் ஒரே உயிரணுவால் ஆனது. ஆயினும், நம் உடலின் உயிரணுக்களில் இருப்பதைப் போலவே அதனுள்ளும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் உண்டு. பிராணவாயுவைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலை எடுக்கும் உலைகள் அவை. சர்க்கரை நிறைந்திருக்கும்போது, உலை பழுதானாலும் ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கச் செய்து பிழைத்துக்கொள்ளும். கிளிசரினை மட்டும் உணவாகக் கொடுத்தாலோ, உலையின்றி வளர இயலாது. சுவாசிக்கும் திறனை இழந்து, சிறுசிறு திரள்களாகவே வளரும் ஈஸ்ட் வகையை 1949இல் பாரிஸ் நகரில் போரிஸ் எஃப்ருசி என்னும் விஞ்ஞானி ஆராய்ந்து விளக்கினார்.

இனி நோய்க்கு வருவோம். 1863இல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகர மருத்துவர் நிக்கோலஸ் ஃப்ரீட்ரைக் ஒரு நோயை விவரித்தார். பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே அது தலைகாட்டும். நடை தள்ளாடும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், பலருக்கு இதயமும் பாதிக்கப்படும். அறிவு மட்டும் பொதுவாக மங்குவதில்லை. இந்நோய்க்குக் காரணமான மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. அது உண்டாக்கும் புரதத்துக்கு ஃப்ரடாக்சின் என்று பெயர். ஆனால் அப்புரதத்தின் வேலை என்ன?

விடை ஈஸ்டிடம் கிடைத்தது. அதனிடமும் அதே இனத்து மரபணு ஒன்று உண்டு. அது இருப்பது உயிரணுவின் உட்கருவில். அதன் புரதம் பணிபுரிவதோ மைட்டோகாண்டிரியாவில். அம்மரபணுவை நீக்கிப் பார்த்த ஆய்வுகள் 1997இல் வெளிவந்தன. மரபணுவை இழந்த ஈஸ்ட் மடிந்துவிடவில்லை, மெதுவாக வளர்ந்தது. அதன் மைட்டோகாண்டிரியாவில் இரும்பு மிகுந்து குவிந்தது. பிராணவாயுவிலிருந்து பிறக்கும் நச்சுப் பொருள்களை இயல்பான ஈஸ்ட் தாங்கும் அளவுக்கு அதனால் தாங்க முடியவில்லை. கடையாணி கழன்ற வண்டி சமதரையில் சிறிது தூரம் ஓடும். மேடு பள்ளம் வந்தால் சக்கரம் கழன்றுவிடும். அந்த ஈஸ்டின் நிலையும் அதுவே.

இரும்பையும் கந்தகத்தையும் இணைத்து, உலைக்கு வேண்டிய உறுப்புகளை அமைப்பதில் ஃப்ரடாக்சின் உதவுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மனிதனின் ஃப்ரடாக்சின் மரபணுவை அந்த ஈஸ்டினுள் புகுத்தியபோது அதன் குறை பெரிதும் நீங்கியது என்பதே வியப்பு! நோயுற்ற மனிதரிடம் இப்புரதம் அறவே இல்லாமற் போவதில்லை, மிகக் குறைந்துவிடுகிறது.

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் ஒரு மாணவன் வரிசையில் நிற்கும்போது தள்ளாடுவான். அவன் கையெழுத்தும் நாளுக்கு நாள் கோணலாயிற்று. கவனக்குறைவு என்று கருதிக் கடிந்துகொண்டேன். அது இந்நோயே எனப் பல ஆண்டுகள் கழித்து அறிந்தபோது, என் சொற்களைத் திரும்பப் பெற வழியில்லை.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் நோய் உண்டாகும். இருவரும் அதைச் சுமப்பவராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமப்பவர் நோயின்றி நலமாகவே இருப்பர். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும்போது, இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆதலால், குடும்பத்தில் இந்நோய் கண்டவர் இருந்தால், திருமணத்திற்கு முன் மருத்துவரின் ஆலோசனையும் மரபணுச் சோதனையும் நலம் பயக்கும். நோயை அறவே நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அதன் வேகத்தைத் தணிக்கும் ஒமாவெலாக்சொலோன் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! நன்றாக நடந்த குழந்தை தள்ளாடத் தொடங்கினால், கடிந்துகொள்ளுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.