வழித்துணை

(நம் மருத்துவமனையின் ஆண்டு நன்றியறிதல் கூடுகையில் சாப்ளின் ஐயரவர்கள் ஆற்றிய உரை)



இவ்வாண்டு நன்றி நாளில், நாங்கள் இருவரும் காரில் வேலூருக்குச் சென்றுவந்த பயணத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று நிர்வாகத்தார் கேட்டுக்கொண்டார்கள். "நாங்கள்" என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் இருவரையும் சேர்த்தே சொல்லுகிறோம். இந்த உரையை இருவருமாகத்தான் எழுதினோம். வாசிக்கிறவர் இங்கே நிற்கிறார். திருத்தினவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகையால் தவறாக எதுவும் சொல்லிவிட முடியாது.

வியாதிப்பட்ட ஒருவருக்கு மருந்து எவ்வளவு அவசியமோ, உடன் வருகிற ஒருவரும் அவ்வளவு அவசியம். இன்று நாங்கள் சொல்ல வந்தது இது ஒன்றே.

2022-ஆம் ஆண்டில் எங்களில் ஐயரம்மாவுக்கு மார்பில் ஒரு சிறு கட்டி காணப்பட்டது. வலியில்லை. வலியில்லாததினால் அநேக தாய்மார் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். நம் மருத்துவர் பரிசோதித்துப் பார்த்து, தாமதமில்லாமல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். கடைசியாக, வாரத்துக்கு ஐந்து நாளாக 25 நாள் கதிர்வீச்சு. தென்காசிக்கும் வேலூருக்கும் இடையே சுமார் 600 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் ஏறி விடியற்காலம் இறங்குவோம். எத்தனையோ தடவை போய்வந்தும், அந்த மாதங்களில் அந்தச் சாலையை நாங்கள் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை.

ஆகவே 2025 பிப்ரவரியில் மூன்றாம் ஆண்டுப் பரிசோதனைக்கு நாள் குறித்தபோது, "இந்தத் தடவை பகலில் போவோம், நின்று நின்று போவோம்" என்று ஐயரம்மா சொன்னார்கள். எங்கள் பழைய காரைப் பழுது பார்த்துக்கொண்டு, எட்டு நாள் பயணமாகப் புறப்பட்டோம். அறிக்கை எப்படி வருமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

குற்றாலத்தில் அருவி மெலிந்திருந்த காலம். இடதுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வந்தது. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் கடந்து, திருமங்கலம் வழியாக மதுரை சேர்ந்தோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் வழி சொல்ல, வழி சொன்னது சரிதானா என்று இருவரும் வாதாட, முதல் நாள் சந்தோஷமாகவே முடிந்தது.

மறுநாள் திண்டுக்கல் வழியாக ஒட்டன்சத்திரம் போனோம். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். 1955-இல் மருத்துவர் ஏ. கே. தரியன் அவர்களும் அவரோடு இணைந்தவர்களும் அங்கே கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அதன் தாழ்வாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியவர் தன் மனைவிக்குத் தூக்குச்சட்டியிலிருந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருவருமே களைத்திருந்தார்கள்.

அங்கிருந்து கரூர், நாமக்கல் வழியாகக் கொல்லிமலைக்கு ஏறினோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாறு வளைவு தாண்டியதும் ஐயரம்மா, "ஏங்க, அன்னைக்கு இருபத்தஞ்சு எண்ணினோம். இன்னைக்கு எழுபதா?" என்றார்கள். "எண்ணும்மா, எண்ணினாத்தான் வண்டி ஏறும்" என்று பதில் வந்தது. எழுபதையும் எண்ணி முடித்தோம்.

இந்த மலைக்கு நாங்கள் போனதற்குக் காரணம் ஒரு தம்பதியர். ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரிமார். 1913-இல் விவாகம் செய்து, கொல்லிமலையில் குடியேறினார்கள். அன்று இந்தச் சாலை கிடையாது. நடந்தும் டோலியில் சுமக்கப்பட்டுமே மலை ஏறவேண்டும். மலேரியாவுக்குப் பயந்து சமவெளி மக்கள் ஏறத் தயங்கிய மலை அது. ஜெஸ்ஸி ஓரளவு மருத்துவப் பயிற்சி பெற்றவர். அந்நாளில் குடிதண்ணீர் வழியாகப் பரவிய நரம்புச் சிலந்தி நோய் மலை மக்களை வாட்டியது. சதைக்குள் இருக்கும் புழுவைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாதபடி பொறுமையாக வெளியே எடுப்பார் ஜெஸ்ஸி. அதோடு நில்லாமல், மக்கள் காலை வைத்து இறங்கித் தண்ணீர் எடுக்காதபடி கிணறுகளுக்குச் சுவர் கட்டவும் கற்றுக்கொடுத்தார். இந்தியா முழுவதும் அந்நோய் ஒழிந்தது என்று 2000-ஆம் ஆண்டில்தான் சான்று கிடைத்தது.

1929-இல் ஜெஸ்ஸி பிராண்ட் விஷக்காய்ச்சலில் அந்த மலையிலேயே மரித்தார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். மரணச் செய்தி தந்தியில் முந்திப் போய்விட்டது. தகப்பனார் உயிரோடிருக்கையில் எழுதிய கடிதங்களோ, கப்பல் தபாலில், அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தனவாம். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட். அவர் மனைவி மார்கரெட் அதே நோயாளிகளின் கண்களைக் காக்க உழைத்தார்கள்.

எவலின் அம்மையார் என்ன செய்தார்கள்? ஐம்பது வயதில் விதவையானார்கள். ஆனாலும் ஊழியத்தைத் தொடர்ந்தார்கள். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலையேறினார்கள். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய இடங்களுக்கும் போகவேண்டும் என்பது ஜெஸ்ஸியும் அவரும் சேர்ந்து கண்ட கனவு. விழுந்து எலும்பு முறிந்த பிறகும், இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டும் மட்டக்குதிரையில் ஏறியும் மலைக்கிராமங்களுக்குப் போனார்கள். 1974-இல், 95-ஆம் வயதில் காலமானார்கள். கணவர் அருகில் அவர்களை அடக்கம் செய்தார்கள்.

வாழ்க்கையின் கடைசி இருபது ஆண்டுகளில் எவலின் அம்மையார் தன் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். அதை அன்று மலையில் பேசிக்கொண்டிருந்தபோது ஐயரம்மா வெகுநேரம் மௌனமாயிருந்தார்கள். மருந்து ஏற்றிய நாட்களில் தலைமுடி முழுவதும் உதிர்ந்தது. எங்கள் வேலூர் அறையில் இருந்த கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தோம். "எனக்கு அந்த அம்மா மாதிரி தைரியம் இல்லைங்க. எப்படி இருக்கேன்னு உங்க முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்கள். உடன் வருகிறவருடைய வேலை என்னவென்று அந்த ஒரே வார்த்தையில் விளங்கிற்று. நோயாளி தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியே அவர்தான்.

மலையிறங்கி, சேலம், ஊத்தங்கரை வழியாகத் திருப்பத்தூர் சேர்ந்தோம். அங்கே 1921-இல் ஏசுதாசன், ஸ்காட்லாந்து தேசத்து ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். ஜனங்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தார்கள். வெள்ளையர் ஆண்ட காலத்தில், ஒரு தமிழர் அண்ணனாகவும் ஒரு வெள்ளையர் தம்பியாகவும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். இவர்கள் விவாகம் செய்தவர்கள் அல்லர். ஆனாலும் தனியாய்ப் போகவில்லை. நம் ஆண்டவர் சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்பதை மாற்கு ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்குவதற்காகவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர். மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய ஊர். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழும்பிற்று. ஆனால் அம்மையார் மருத்துவமனைக்குள் காத்துக்கொண்டிருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி வண்டியை நிறுத்தி, வரமுடியாதவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே போனார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும் தூரமும் நோயின் ஒரு பகுதிதான் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அவ்வளவு தொலைவிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். புருஷன் கையில் கோப்பு, மனைவி கையில் தண்ணீர் பாட்டில். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கு இருக்கும் ஒரே சொந்தம் உடன் வந்தவர்தான்.

ஐயரம்மாவின் பரிசோதனை அறிக்கை, கர்த்தருடைய கிருபையால், நன்றாகவே வந்தது. உங்கள் ஜெபத்துக்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் அறிக்கை வேறுவிதமாய் வந்திருந்தாலும் நாங்கள் இன்று இதையேதான் பேசியிருப்போம். ஏனென்றால் வேறுவிதமான அறிக்கையோடு திரும்புகிறவர்கள் நம் வார்டில் உண்டு.

ஆலங்குளம் பக்கத்துத் தாயார் ஒருவரை நினைக்கிறோம். பீடித் தட்டை மடியில் வைத்தே பிள்ளைகளை வளர்த்தவர். கணவருக்குக் கேரளாவில் கூலி வேலை. ஐயரம்மாவுக்கு வந்த அதே நோய்தான் இவருக்கும். காப்பீட்டு அட்டை இருந்தது; சிகிச்சைக்குப் பணம் தடையாக இல்லை. வெளியூருக்குத் தனியாகப் போய் இரண்டு தடவை மருந்து ஏற்றிக்கொண்டார். திரும்பி வரும் வழியில், பேருந்தில் வாந்தியெடுத்தபோது தலையைப் பிடிக்க ஒருவரும் இல்லை. மூன்றாம் தடவை அவர் போகவில்லை. பல மாதம் கழித்து நம்மிடம் வந்தபோது நோய் எலும்பில் பரவியிருந்தது. வலி தெரியாமல் வைத்துக்கொள்ள மட்டுமே நம்மால் முடிந்தது. கடைசி வாரத்தில் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐயரம்மா, கொஞ்ச நேரம் பக்கத்துல இருப்பீங்களா?" இருந்தோம். ஆனால் அந்த இருப்பு அவருக்கு முன்னமே, அந்தப் பேருந்தில் வேண்டியிருந்தது.

லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவு என்னும் கிராமத்துக்கு இருவர் நடந்துபோனார்கள். ஏழெட்டு மைல் தூரம். ஒருவர் பெயர் கிலெயோப்பா. மற்றவர் பெயர் சொல்லப்படவில்லை. அது அவர் மனைவியாக இருக்கலாம் என்று கருதும் வேத பண்டிதரும் உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எங்களுக்கு அந்த எண்ணம் பிரியமானது. நம்பிக்கையெல்லாம் இழந்து துக்கத்தோடு நடந்தவர்கள் அவர்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவர்களைத் தூரத்திலிருந்து அழைக்கவில்லை. தாமே கிட்டச் சேர்ந்து, அவர்கள் நடந்த வேகத்தில் கூட நடந்தார். யார் என்று சொல்லிக்கொள்ளும் முன்பே துணையாய் வந்துவிட்டார்.

பிரியமானவர்களே, இதை நாமும் செய்யலாம். நாங்கள் கேட்பவை மூன்று.

முதலாவது, உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள தாய்மாருக்குச் சொல்லுங்கள்: வலியில்லாத கட்டியானாலும் உடனே காட்டவேண்டும். கூச்சப்பட்டால், நீங்களே உடன் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் ரயில்வேயில் கட்டணச் சலுகை உண்டு. அநேகருக்கு இது தெரியாது. மருத்துவரின் சான்று வாங்கி, படிவத்தை நிரப்பிக்கொடுக்க, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் செலவிட்டால் போதும்.

மூன்றாவது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. ஆனால் உடன் போகிறவர் இழக்கும் நாட்கூலியை யார் கொடுப்பார்? அவர் சாப்பாட்டுக்கும் தங்கும் அறைக்கும் யார் கொடுப்பார்? கணவன் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. விடாவிட்டால் மனைவி தனியாய்ப் போகவேண்டும். இந்த ஆண்டு நீங்கள் கொடுக்கும் நன்றிக் காணிக்கையில் ஒரு பகுதியை, நோயாளியோடு செல்லும் துணையாளரின் செலவுக்கென்று குறித்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். பணம் கொடுக்க இயலாதவர்கள் நாட்களைக் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் நர்சுகளும் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். ஒரு தடவை ஒரு தாயாரோடு பேருந்தில் போய் வாருங்கள். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலும், ஒரு துண்டும், பொறுமையும் போதும்.

வியாதியிலும் வழியிலும் தனித்திருக்கிறவர்களை ஆண்டவர் நம் கைகளில் ஒப்புக்கொடுத்திருக்கிறார். அவர்களோடு நடக்கும் பெலனை அவரே உங்களுக்கும் எங்களுக்கும் தந்தருளுவாராக. ஆமென்.