ஒளிமானியின் சொல்லை எவ்வளவு நம்பலாம்?

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் வீடுகள் சிலவற்றில், தந்தையார் கையாண்ட பிலிம் காமிரா ஒன்று இன்னும் பெட்டியில் உறங்குகிறது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்குச் செல்ல நாம் விரும்புகிறோம். விடுமுறையோ ஆண்டுக்கு ஒரு முறை; ஒரு சுருளில் 36 படங்களே எடுக்கலாம். பிழை நேர்ந்திருப்பின், திரும்பி வந்து பிலிமைக் கழுவிய பின்னரே தெரியவரும். ஆகவே, புறப்படுமுன் அதன் ஒளிமானியைச் சோதித்தல் நலம்.

பழைய ஒளிமானிகளில் இருவகை பெரிதும் காணப்படும். 1965இல் வெளிவந்த சோவியத் நாட்டு ஜெனித்-ஈ காமிராவில் இருப்பது செலினியத் தகடு. ஒளி பட்டதும் தானே மின்சாரம் தருவதால் அதற்குப் பாட்டரி வேண்டா. ஆயின், காலம் செல்லச் செல்ல அதன் வலிமை குன்றக்கூடும். மற்றொரு வகை காட்மியம் சல்பைடு கொண்டது, பாட்டரியால் இயங்குவது. இதில் முள் அசையாவிடில் முதலில் பாட்டரி அறையைத் திறந்து பார்ப்போம். உப்புப் பூத்திருந்தால், வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் துடைத்து உலரவிடலாம்.

அசையாத முள்ளைவிடத் தவறாக அசையும் முள்ளே நம்மை ஏமாற்றுவது. 1972இல் வந்த கேனனெட் கியூ.எல். 17 ஜி-3 போன்ற பல காமிராக்கள் 1.35 வோல்ட் பாதரசப் பாட்டரிக்கென அமைந்தவை. பாதரசத்தின் நச்சுத்தன்மை கருதி அப்பாட்டரிகள் கைவிடப்பட்டன. அதே அளவுள்ள 1.5 வோல்ட் ஆல்கலைன் பாட்டரியை இட்டால், பலவற்றில் முள் உள்ளதைவிட மிகுதியான ஒளியைக் காட்டும், படம் இருண்டுவிடும். செவித்துணைக் கருவிக்குரிய 675 எண்ணுள்ள பாட்டரி ஏறத்தாழ 1.4 வோல்ட் தரும். சிறு வளையம் ஒன்றிட்டு அதைப் பொருத்தலாம். ஆனால், அது நெடுநாள் உழைக்காது.

சோதனை எளிது. மேகமற்ற நண்பகலில், வெயிலைப் பின்புறம் கொண்டு, 100 வேகப் பிலிமுக்கு ஷட்டர் 125இல் ஒரு பங்கு வினாடி என வைத்தால், ஒளிமானி எஃப் 16ஐ ஒட்டிக் காட்டவேண்டும். வெயிலிலும் நிழலிலும் ஒரே அளவாக மாறுபட்டால், பிலிம் வேகத்தை மாற்றி வைத்து ஈடுசெய்யலாம். மாறி மாறிக் காட்டினால் அதை நம்பாது, கைபேசியிலுள்ள ஒளியளவிச் செயலியைத் துணைகொள்வோம்.

சரியான ஒளிமானியும் தான் காண்பதனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொள்ளும். சுண்ணாம்புச் சுவரின் முன் வெள்ளை வேட்டியுடன் தாத்தா நின்றால், ஒளி மிகுதி எனக் கருதி அவர் முகத்தைக் கறுக்கச் செய்துவிடும். அருகே சென்று முகத்தை மட்டும் அளந்து, அவ்வளவையே வைத்து எடுப்போம்.

இவையனைத்தும் அரைமணிப் பொழுதில் முடிவன. ஊரில் உள்ள முதியோரை மறு ஆண்டும் அதே திண்ணையில் நிறுத்திப் படமெடுக்கும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.