எந்தக் கடனைச் சேர்ப்பது, எந்தக் கடனை விடுவது



ஆலங்குளம், முக்கூடல், கடையம், கீழப்பாவூர் வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும், மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். அந்த வீடுகளில் கடன் வாங்கியதும் பெரும்பாலும் அவர்கள் பெயரில்தான், கட்டுவதும் அவர்கள் கையால்தான். வாரம் ஒருநாள் குழுக்கடன். காலையில் தண்டல். மாதம் பிறந்தால் அஞ்சு வட்டிக்காரர். செல்போனுக்கு ஒரு தவணை. இதற்கிடையில் கோயில் கொடை வரும், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவது அப்படித்தான் தொடங்குகிறது.

இந்த நிலையில் இருப்பவரிடம் ஒருவர் வந்து, "எல்லாத்தையும் அடைச்சிட்டு ஒரே கடனா ஆக்கிக்கிடுங்க, மாசம் ஒரு தவணை மட்டும் கட்டுனா போதும்" என்று சொன்னால், கேட்கும்போதே பாதி பாரம் இறங்கினாற்போல இருக்கும். அந்தப் பேச்சில் உண்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. எது எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். பென்சிலும் தாளும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அஞ்சு வட்டிக்கு வாங்கிய 30,000 ரூபாய் இருக்கிறது. குழுக்கடனில் இன்னும் 40,000 பாக்கி. தண்டலில் 10,000 வாங்கி 30 நாள் கட்டியாயிற்று, இன்னும் 70 நாள் இருக்கிறது. ஆக 77,000 ரூபாய்.

முதலில் அஞ்சு வட்டி. நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். 30,000 ரூபாய்க்கு மாதம் 1,500 ரூபாய் வட்டி. இரண்டு வருடம் தவறாமல் கட்டினால் 36,000 ரூபாய் போயிருக்கும். வாங்கிய 30,000 அப்படியே நிற்கும்.

இந்தக் கடனை மட்டும், வீட்டிலிருக்கும் நகையைக் கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ வைத்து அடைத்தால் என்ன ஆகும்? முக்கால் வட்டி, அதாவது ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 225 ரூபாய்தான். வட்டிக்காரருக்குக் கொடுத்துவந்த அதே 1,500 ரூபாயை இப்போது மாதாமாதம் நகைக்கடனில் கட்டினால், வட்டி போக மீதியெல்லாம் அசலில் கழியும். கடனை மாற்றுவதால் வரும் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. அஞ்சு வட்டியில் கிடக்கும் குடும்பம் இதை நாளைக்கே செய்யலாம் என்பது என் கருத்து.

அடுத்தது தண்டல். 10,000 என்று எழுதி, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், நம் கையில் அந்த நூறு நாளும் முழுப் பணம் இருப்பதில்லை. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 78 சதவீத வட்டி ஆகிறது. இவ்வளவு கொடிய வட்டி என்றால் இதைத்தானே முதலில் அடைக்கவேண்டும் என்று கேட்பீர்கள். அங்கேதான் நிற்கவேண்டும். தண்டலின் வட்டியை முதல் நாளிலேயே பிடித்துவிட்டார்கள். மீதி 70 நாளுக்குப் புதிதாக வட்டி எதுவும் ஏறாது. இன்றைக்கே 7,000 ரூபாயைக் கொண்டுபோய் நீட்டினாலும், தண்டல்காரர் தானாகத் தள்ளுபடி தந்தால் ஒழிய ஒரு பைசா மிச்சமில்லை. புதுக்கடன் வாங்கி இதை அடைத்தால், வட்டியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பாக்கிக்கு நாமே வட்டி வைத்ததாகிவிடும். ஆகவே தண்டலைச் சேர்க்க வேண்டாம். 70 நாளும் கட்டி முடியுங்கள். எழுபத்தோராம் நாள் காலையில் அவர் வந்து நிற்கும்போது மறுபடி வாங்காமல் இருப்பதுதான் முக்கியம். தண்டலுக்குப் போன மாதம் 3,000 ரூபாயை அதன்பின் நகைக்கடனில் சேர்த்துக் கட்டுங்கள். முதல் மூன்று மாதம் 1,500, பிறகு மாதம் 4,500 என்று கட்டினால், ஒன்பதாம் மாதம் கடன் முடிந்து நகை வீட்டுக்கு வந்துவிடும்.

மூன்றாவது குழுக்கடன். 24 சதவீத வட்டி, பாக்கி 40,000, இன்னும் 18 மாதம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 2,670 ரூபாய். கடைசிவரை கட்டும் வட்டி 8,000 ரூபாய். இப்போது ஒருவர் வந்து, 14 சதவீதத்தில் புதுக்கடன் தருகிறேன், ஐந்து வருடம், மாதம் 930 ரூபாய் கட்டினால் போதும் என்கிறார். வட்டி விகிதமும் குறைகிறது, தவணையோ மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் கூட. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் 930 ரூபாயை 60 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 55,800. வட்டி மட்டும் 15,800 ரூபாய். வட்டி விகிதம் குறைந்தும், கட்டும் வட்டி இரண்டு மடங்கு. காரணம் காலம். அதே 14 சதவீதக் கடனைப் பழையபடி 18 மாதத்திலேயே முடித்தால் வட்டி 4,600 ரூபாய்தான். 3,400 ரூபாய் உண்மையிலேயே மிச்சம். ஆகவே புதுக்கடன் தருகிறவரிடம், தவணை எவ்வளவு என்பதோடு, மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன் என்றும் கேளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்கான எல்லாப் புதுக்கடன்களுக்கும், மொத்தச் செலவையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று எழுதிய விவரத் தாளைக் கையில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாள் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குழுக்கடன் வாங்கியவர்களுக்கு இன்னும் சில விதிகள் 2022 ஏப்ரலிலிருந்து இருக்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடு கேட்காமல் தருவதே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து பாக்கி கேட்கக்கூடாது.

கடனைச் சேர்ப்பதில் நான் மிகவும் அஞ்சுவது வீட்டுப் பத்திரத்தைத்தான். குழுக்கடனுக்கும் செல்போன் தவணைக்கும் ஈடு எதுவும் இல்லை. கட்டமுடியாமல் போனால் ஏச்சும் அவமானமும் உண்டு, ஆனால் கூரை போகாது. அவற்றையெல்லாம் வீட்டை அடமானம் வைத்து ஒரே கடனாக்கும்போது, வட்டி குறைவதற்கு விலையாகக் கூரையைப் பணயம் வைக்கிறோம். கணவருக்கு ஒரு விபத்து, பீடிக் கடையில் இரண்டு மாதம் இலை குறைவு, அவ்வளவு போதும். கைக்கடனுக்கு ஈடாகக் கிரையப் பத்திரம் எழுதிக் கேட்பவரும் உண்டு. அதற்கு எந்த நெருக்கடியிலும் சம்மதிக்காதீர்கள்.

நம் மாநிலத்தில் இந்தப் பாடம் புதியதல்ல. 1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டது. உழவர்கள் அந்த அமைப்பிலிருந்து வாங்கிய கடனில் பெரும்பகுதி, பழைய கடனை அடைப்பதற்காகத்தான். அதிக வட்டிக் கடனை நிலத்தின் பேரில் குறைந்த வட்டிக்கு மாற்றுவது, அதுவும் நீண்ட தவணையில். நல்ல திட்டம்தான். ஆனால் அதே ஆண்டு உலகப் பெருமந்தம் தொடங்கியது. விளைபொருள் விலை சரிந்தது. வட்டி குறைந்தாலும், கட்டுவதற்கு வருமானம் வேண்டுமே. கடைசியில் 1938இல் ராஜாஜி அரசு உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து, கடன்களையே குறைக்கவேண்டி வந்தது.

நகைக்கடனிலும் கவனம் தேவை. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாதம்தான் கெடு. அதற்குள் திருப்பாவிட்டால் ஏலம். வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் மறுஅடகு வைப்பவர்கள், அஞ்சு வட்டியிலிருந்து வெளியே வந்தும் அசலைத் தொடாமலே இருக்கிறார்கள். கெடு தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். ஏலம் போனால் வரும் நட்டம் கடன் கணக்கில் தெரியாது. மகள் கல்யாணத்தன்று தெரியும்.

பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைக்கும் பீடித் தொழிலாளிப் பெண்களும் இருக்கிறார்கள். அறுபது வயதில் விரல் நிற்கும்போது கையில் இருக்கவேண்டிய ஒரே பணம் அது. நகை இருக்கும்வரை அதைத் தொடவேண்டாம்.

அஞ்சு வட்டியை அடைக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். எழுதிக்கொடுத்த புரோநோட்டு, தொகை எழுதாத காசோலை, வெற்றுப் பத்திரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்குங்கள். தரமறுத்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி தடைச் சட்டத்தின்படி கந்துவட்டி, தண்டல், மீட்டர் வட்டி வாங்குபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் வசூலுக்காக மிரட்டுவதைத் தண்டிக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது.

இந்தச் சட்டங்கள் இருக்கின்றன என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. இன்றைக்குத் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளியின் குடும்பம், கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உயிரை மாய்த்துக்கொண்டது. அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நான்கு பேரையும் காப்பாற்ற முடியாமல் போனதை நாம் எளிதாகக் கடந்துபோகக் கூடாது.

கடன் மூச்சைப் பிடிக்கிறது என்று தோன்றும் இரவில் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். திங்கட்கிழமைகளில் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மனுநாள். போகும்போது கட்டிய வட்டிக்கான சீட்டு, போனில் வந்த மிரட்டல் பதிவு, எது இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம்.