வரி பாக்கியும் கோர்ட்டுக் காகிதமும்

(புதுக்கோட்டை மாவட்டக் கிராமக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வீட்டு வரி பாக்கி என்று ஒரு காகிதம் வந்தால் போதும், கோர்ட்டு உத்தரவே வந்துவிட்டதென்று நம் ஜனங்கள் நடுங்குகிறார்கள். ஆட்டை விற்கிறார்கள், வட்டிக்கு வாங்குகிறார்கள், காட்டிய இடத்தில் கைநாட்டு வைக்கிறார்கள். வந்த காகிதம் எது, அதற்கு என்ன பலம் என்று கேட்பாரில்லை.

வரி கட்டாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தெரு விளக்குக்கும் குடிதண்ணீருக்கும் பணம் வேண்டும். 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வீட்டு வரி விதிக்கும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்குத் தந்திருக்கிறது. ஆனால் வசூலும் சட்டப்படியே நடக்க வேண்டும். 1931இல் சமஸ்தானப் புதுக்கோட்டையில் நகர வரிகளை எதிர்த்து மக்கள் கொதித்தெழுந்தார்கள். அன்று தர்பார் வைத்ததே சட்டம். 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. இன்று அரசியல் சட்டத்தின் 265ஆவது ஷரத்து, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாதென்று சொல்கிறது.

வரக்கூடிய காகிதம் மூன்று வகை.

முதலாவது, ஊராட்சி நோட்டீஸ். இது பணம் கேட்கும் காகிதம், கோர்ட்டு உத்தரவல்ல. அதற்காக அலட்சியமும் கூடாது. எந்த வருஷத்து வரி, எவ்வளவு என்று ரசீதோடு ஒத்துப் பாருங்கள். தப்பிருந்தால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது, லோக் அதாலத் அழைப்பு. மகாராஷ்டிரத்தில் கிராமப் பஞ்சாயத்து வீட்டு வரி பாக்கிகள் வழக்குப் போடுமுன்பே அங்கே போகின்றன. நாளை இங்கேயும் வரலாம். அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்ப்பு. சம்மதமில்லையேல் தீர்ப்பே கிடையாது. 2008இல் பஞ்சாப் அரசு எதிர் ஜலோர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில், கட்சிக்காரர்கள் உடன்படாமலேயே லோக் அதாலத் தொகையை உயர்த்தியிருந்தது. சமரசம் செய்து வைக்கலாமே தவிர, வழக்கை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரம் அதற்கில்லை என்றது சுப்ரீம் கோர்ட்டு.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அங்கே தீர்ப்பானால் அது சிவில் கோர்ட்டு டிகிரிக்குச் சமம். அதற்கு அப்பீல் கிடையாது! தொகை தப்பென்றால் அங்கேயே சொல்லுங்கள். தவணை வேண்டுமென்றால் அதை எழுதச் சொல்லிவிட்டுக் கைநாட்டு வையுங்கள்.

மூன்றாவது, கோர்ட்டுச் சம்மன். இதற்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சிவில் கோர்ட்டில் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிடும். தகுந்த காரணமிருந்தால் அதை ரத்துச் செய்ய மனுப் போடலாம். டிகிரியான நாளிலிருந்து 30 நாள் கெடு. சம்மனே முறைப்படி சார்வு ஆகவில்லையென்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

டிகிரியான பிறகும் அமீனா எல்லாவற்றையும் ஜப்தி செய்துவிட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவுப்படி உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம், மதவழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத தாலி, தொழிலாளியின் கருவி ஆகியவற்றைத் தொடக்கூடாது. விவசாயியின் ஏர்க் கலப்பையும், பிழைப்புக்குத் தேவையென்று கோர்ட்டு கருதும் மாடும் விதை நெல்லும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை.

வக்கீலுக்குப் பணம் ஏது என்கிறீர்களா? 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. புதுக்கோட்டையில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது.

ஆகவே தோழர்களே! கிளைக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். யார் வீட்டுக்குக் காகிதம் வந்தாலும் அன்றே வாசித்து, மூன்றில் எது, கெடு என்று என்பதைச் சொல்ல வேண்டும். வாசித்துக் கேளாமல் எவரும் கைநாட்டு வைக்கக் கூடாது.